மீட்டிங்கில் யாரும் வாய் திறப்பதில்லை, என்ன செய்வது?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு எட்டு மாதங்களுக்கு முன் பொறுப்பேற்றேன். இப்போது என்னிடம் 11 பேர் இருக்கிறார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் ரொம்பக் கறார். நான் அப்படி இருக்கக் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்துகொண்டேன். ஆனால் திங்கட்கிழமை மீட்டிங்கில் "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. சொன்ன வேலையைச் செய்கிறார்கள், அதோடு சரி. "மாதத்தின் சிறந்த ஊழியர்" விருது ஆரம்பித்தேன். இரண்டு பேருக்கே மாறி மாறிப் போகிறது, இப்போதெல்லாம் யாரும் கைகூடத் தட்டுவதில்லை. 15 வருடமாக இருக்கும் ஒரு சீனியர், புதிதாக எதைச் சொன்னாலும் "இதெல்லாம் பார்த்தாச்சு சார்" என்று முடித்துவிடுகிறார். போன மாதம் நல்ல ஆள் ஒருவர் ரிசைன் செய்துவிட்டார். கேட்டால் "சொந்தக் காரணம்" என்கிறார். எச்ஆர் எடுத்த சர்வேயில் எங்கள் பிரிவுக்குத்தான் மிகக் குறைந்த மதிப்பெண். மூன்று மாதத்தில் ஊழியர்களின் ஈடுபாட்டைக் கூட்டியாக வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. புது சாப்ட்வேர் வந்த வாரம் எல்லாம் முடங்கிப்போனபோது, நான் கேட்காமலே எல்லோரும் ராத்திரி வரை இருந்து சரி செய்தார்கள். அதே ஆட்கள் மற்ற நாட்களில் ஏன் இப்படி? நானும் கண்டிப்பாக மாறினால்தான் வேலை நடக்குமா?

பதில்:

முதலில் அந்த சாப்ட்வேர் வாரத்தை எடுத்துக்கொள்வோம். உங்களுக்குப் புரியவில்லை என்று நீங்கள் சொல்லும் அந்த இடம்தான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு அதிகம் சொல்கிறது.

அந்த வாரம் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் கண்ணெதிரே தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் வந்து அனுமதி கேட்க நேரமில்லை, அதனால் அவரவரே முடிவெடுத்தார்கள். எடுத்த முடிவு சரியா தப்பா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. போனின் மறுமுனையில் தவித்துக்கொண்டிருந்த வாடிக்கையாளருக்கு அது உதவியது என்பதும் காதிலேயே கேட்டது. ரிச்சர்ட் ஹேக்மன், கிரெக் ஓல்டாம் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1970களில் ஒரு வேலையில் மனம் ஒட்டுவதற்கு என்னென்ன வேண்டும் என்று வகைப்படுத்தினார்கள். பலவிதத் திறமைகளுக்கு இடம் வேண்டும். ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை தானே செய்ய வேண்டும். அது யாருக்கோ பயன்படுகிறது என்று தெரிய வேண்டும். சொந்தமாக முடிவெடுக்க உரிமை வேண்டும். செய்தது எப்படி வந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்த ஒரு வாரம் உங்கள் ஆட்களுக்கு இந்த ஐந்தும் கிடைத்தது. மற்ற வாரங்களில் இதில் எத்தனை கிடைக்கிறது?

ஆகவே சோம்பேறித்தனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர்களிடம் ஈடுபாடு இருக்கிறது. அதை வெளியே எடுத்தால் என்ன ஆகும் என்பதில்தான் அவர்களுக்குச் சந்தேகம்.

சரி, அந்த மௌனத்துக்கு வருவோம். "ஏதாவது சொல்லணுமா?" என்று 11 பேர் நடுவில் கேட்டால் பதில் வராது. எந்த ஊழியரும் அந்த இடத்தில் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுவார்: பேசினால் எனக்கு என்ன ஆகும்? அந்தக் கணக்கை அவர் உங்கள் முகத்தைப் பார்த்துப் போடுவதில்லை, பழைய அனுபவத்தை வைத்துப் போடுகிறார். உங்களுக்கு முன் இருந்தவர் காலத்தில் பேசியவருக்கு என்ன நடந்தது என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியாது. எல்லோர் முன்னிலையிலும் திட்டு வாங்கியிருக்கலாம். "நல்ல யோசனை, நீயே செய்துவிடு" என்று கூடுதல் வேலை தலையில் விழுந்திருக்கலாம். பெரும்பாலான இடங்களில் நடப்பது இன்னும் சாதாரணமானது. சொன்னார்கள், மேனேஜர் நோட்டில் குறித்துக்கொண்டார், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால் அப்புறம் யார் சொல்வார்கள்?

இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். எப்படிக் கேட்பது, எந்த வார்த்தையில் கேட்பது என்றுதான் வருபவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்டதற்கு அப்புறம் வரும் இரண்டு வாரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. எல்லாம் தீர்மானமாவது அந்த இரண்டு வாரத்தில்தான். ஒருவர் சொன்ன விஷயத்துக்கு என்ன ஆனது என்பதை மற்ற பத்துப் பேரும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து யார் பேசுவார், யார் பேச மாட்டார் என்பது அங்கேதான் முடிவாகிறது. இந்த எட்டு மாதத்தில் உங்களிடம் யார் யார் என்ன சொன்னார்கள், அது என்ன ஆயிற்று என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். லீவு விஷயம், நாற்காலி விஷயம், ஷிப்ட் மாற்றம், எதுவாக இருந்தாலும் சரி. பாதியில் நிற்பவை எத்தனை என்று பாருங்கள். அவற்றை முடிப்பதிலிருந்துதான் நீங்கள் ஆரம்பிக்க வேண்டும்.

அப்புறம் ஒவ்வொருவருடனும் தனித்தனியாக அரை மணி நேரம் உட்காருங்கள். ஒரே நாளில் வரிசையாக வேண்டாம், விசாரணை மாதிரி ஆகிவிடும். இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பை மூடி வையுங்கள். எதற்காகப் பேசுகிறீர்கள் என்பதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கூப்பிட்டதுமே பயந்துவிடுவார்கள்: "அப்ரைசலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. உங்க வேலையில எது இடைஞ்சலா இருக்குன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

"உங்களுக்கு என்ன குறை?" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் போகுது சார்" என்றுதான் பதில் வரும். வந்தால் அதை நம்பி எழுந்துவிடவும் வேண்டாம். பேச்சைச் சின்னதாக்கிக் கேளுங்கள். "சரி, நேத்து மத்தியானத்தை எடுத்துக்கலாம். எந்தக் கஸ்டமர் புகார் டிக்கெட் ரொம்ப இழுத்தது?" இந்தக் கேள்விக்கு எவருக்கும் பதில் இருக்கும். "ரீபண்ட் கேஸ்தான் சார். ஒப்புதலுக்கு அனுப்பிட்டு மூணு நாள் காத்திருக்கணும். அதுக்குள்ள கஸ்டமர் நாலு தடவை கூப்பிட்டுத் திட்டுவார். திட்டு வாங்கறது நான்தான்." இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். "அது பைனான்ஸ் ரூல், நம்ம கையில இல்ல" என்று வாய் தானாகச் சொல்லும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த நொடியில் அவருக்குக் கேட்பது "சொல்லிப் பிரயோஜனமில்லை" என்பதுதான். அதற்குப் பதில் இன்னொரு கேள்வி கேளுங்கள். "எவ்வளவு தொகை வரைக்கும் நீங்களே முடிவெடுத்தா சரியா இருக்கும்? அதுல என்ன தப்பு நடக்க வாய்ப்பிருக்கு?" வேலை செய்பவருக்கு இதற்கெல்லாம் தெளிவான பதில் தெரிந்திருக்கும். அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னும் இரண்டு கேள்விகள் எனக்கு எப்போதும் உதவியிருக்கின்றன. "நான் செய்யறதுல எதை நிறுத்தினா உங்களுக்கு உதவியா இருக்கும்?" என்பது ஒன்று. "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச, ஆனா இங்க யாருமே பயன்படுத்திக்காத விஷயம் ஏதாவது இருக்கா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு முதல் சந்திப்பில் உண்மையான பதில் வராது. பரவாயில்லை. அடுத்த மாதம் மறுபடி கேளுங்கள். அதற்கு மேல் கேள்விப் பட்டியல் வேண்டாம். சிகாகோவுக்குப் பக்கத்தில் இருந்த ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தால் உற்பத்தி மாறுகிறதா என்று பார்த்த சோதனையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பின்னால் நடந்தது. 1928இலிருந்து 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை உட்காரவைத்துப் பேசினார்கள். முதலில் தயாரித்து வைத்த கேள்விகளைக் கேட்டார்கள். தொழிலாளர்களோ கேட்டதை விட்டுவிட்டுத் தங்களுக்கு முக்கியமானதைப் பேசினார்கள். கடைசியில் கேள்விகளை ஓரம் கட்டிவிட்டு, அவர்கள் போக்கில் பேச விட்டார்கள். நீங்களும் அப்படியே விடுங்கள்.

பேசி முடித்ததும் கையில் இருப்பதை மூன்றாகப் பிரியுங்கள்: நீங்களே செய்யக்கூடியவை, மேலே கேட்க வேண்டியவை, நடக்கவே நடக்காதவை. மூன்றாவதற்கும் பதில் போக வேண்டும். "கேட்டுப் பார்த்தேன், இந்த வருஷம் முடியாதுன்னு சொல்லிட்டாங்க, காரணம் இது" என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். முடியாது என்ற பதிலை மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள், பதிலே வராமல் இருப்பதைத்தான் தாங்க மாட்டார்கள்.

முதல் வகையிலிருந்து சின்னதாக, எல்லோர் கண்ணிலும் படுவதாக ஒன்றை எடுத்து அந்த வாரத்திலேயே செய்துவிடுங்கள். ஒரு கிடங்கில் பேக்கிங் செய்பவர்கள், லேபிள் பிரிண்டர் ஹாலின் கடைசி மூலையில் இருக்கிறது, ஒவ்வொரு பெட்டிக்கும் நடந்து போய் வர வேண்டியிருக்கிறது என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த சூப்பர்வைசரிடமும் சொன்னார்கள். அவர் அன்று மத்தியானமே எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றை எடுத்து வந்து, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பிரிண்டரைப் பேக்கிங் மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். ஒரு மணி நேர வேலை. அடுத்த வாரமே ஒருவர் வந்து, ஸ்டாக் பதிவில் ஒரே பொருள் இரண்டு குறியீட்டு எண்களில் ஏறியிருக்கிறது, அதனால்தான் மாதக் கடைசியில் கணக்கு உதைக்கிறது என்றார். எத்தனையோ மாதமாக அவருக்குத் தெரிந்த விஷயம் அது. பிரிண்டர் நகர்ந்த பிறகுதான் அவர் வாயிலிருந்து வந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பேச ஆரம்பித்தால் நிலைமை மோசமானதாகத்தான் முதலில் தெரியும். புகார் கூடும், தவறுகள் வெளியே வரும். பயந்துவிடாதீர்கள். ஏமி எட்மன்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக நடக்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தால் நேர்மாறாக இருந்தது, நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தக் குழுக்களில் நடந்த தவறை வெளியே சொல்லப் பயமில்லை, மற்ற இடங்களில் மறைத்தார்கள். உங்கள் பிரிவில் இதுவரை தவறுகள் குறைவாகத் தெரிந்திருந்தால் அதில் எவ்வளவு மறைந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

விருதை நிறுத்திவிடுங்கள். அறிவிப்பெல்லாம் வேண்டாம், அடுத்த மாதம் கொடுக்காமல் விட்டால் போதும், யாரும் கேட்க மாட்டார்கள். 11 பேரில் ஒருவருக்குக் கொடுப்பது மற்ற பத்துப் பேருக்கு மாதாமாதம் "நீ இல்லை" என்று சொல்வதுதான். அதுவும் இரண்டு பேருக்கே போகிறது என்றால் அந்த இருவருக்கும் அது தர்மசங்கடம். பாராட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. எதைப் பாராட்டுகிறோம் என்பது குறிப்பாக இருக்க வேண்டும். "சூப்பர், கலக்கிட்டீங்க" என்பதில் விஷயமே இல்லை. "நேத்து அந்தக் கஸ்டமர் கத்தினப்ப நீங்க குறுக்கே பேசாம முழுசாக் கேட்டுட்டு, அப்புறம் ஆர்டர் நம்பரை அவருக்கே திருப்பிச் சொன்னீங்க பாருங்க, அங்கதான் அவர் அடங்கினார்" என்பதில் விஷயம் இருக்கிறது. கேட்டவர் அதை மறுபடி செய்வார், பக்கத்து நாற்காலியில் இருப்பவரும் கற்றுக்கொள்வார். 1996இல் கிளூகர், டெனிசி என்ற இருவர், வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வதன் விளைவை அளந்த 600க்கும் மேற்பட்ட ஒப்பீடுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், கருத்துச் சொன்ன பிறகு வேலை மோசமாகியிருந்தது! செய்யும் வேலையின் மேல் கவனம் இருக்கும் வரை பலன் உண்டு, "நான் நல்லவனா, மட்டமா" என்று தன்மீது திரும்பிவிட்டால் பலன் கெடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பாராட்டுக்கும் இது பொருந்தும், கண்டிப்புக்கும் பொருந்தும்.

சேவைப் பிரிவில் இன்னொரு கொடுமை உண்டு. பிரச்சினை தீர்ந்த வாடிக்கையாளர் மறுபடி கூப்பிட மாட்டார், தீராதவர்தான் கூப்பிடுவார். நாள் முழுக்கத் தோற்ற கதைகளை மட்டுமே கேட்டால் யாருக்கு மனம் வரும்? ஒரு பல்கலைக்கழகத்துக்காகப் போனில் நன்கொடை திரட்டியவர்களை வைத்து ஆடம் கிரான்ட் என்ற ஆய்வாளர் செய்த ஆய்வு 2007இல் வெளியானது. அந்தப் பணத்தால் உதவித்தொகை பெற்ற மாணவர் ஒருவரைச் சில நிமிடம் சந்தித்துப் பேச வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் போனில் செலவிடும் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. நீங்களும் வாரம் ஒருமுறை, தீர்ந்த ஒரு கேஸை எடுத்து அந்த வாடிக்கையாளரிடமே பேசி, அவர் சொன்னதை அதைக் கையாண்டவரிடம் அப்படியே சொல்லுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

இப்போது அந்த சீனியர். உங்கள் கடிதத்தில் அவரை ஒரு தடங்கலாக எழுதியிருக்கிறீர்கள். நான் அவரிடம்தான் முதலில் போவேன். "பார்த்தாச்சு சார்" என்று ஒருவர் சொன்னால், உண்மையிலேயே பார்த்திருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 15 வருடத்தில் எத்தனை மேனேஜர்கள் வந்தார்கள், எத்தனை திட்டங்கள் கோலாகலமாக ஆரம்பித்து சத்தமில்லாமல் நின்றன என்று அவருக்குத்தான் தெரியும். சொல்லிச் சொல்லி அலுத்தவர்கள் வரிசையில் அநேகமாக அவர்தான் முதல் ஆள். தனியாக உட்கார்ந்து கேளுங்கள்: "நீங்க பார்த்ததைச் சொல்லுங்க. எது ஆரம்பிச்சாங்க, எங்க நின்னுது, ஏன் நின்னுது?" அரை மணி நேரம் போதாது, ஒரு மணி நேரம் கொடுங்கள். குறிப்பெடுங்கள். அவர் சொல்வதில் பாதி கசப்பாக இருக்கும், மீதி உங்களுக்கு வேறு எங்குமே கிடைக்காத தகவலாக இருக்கும்.

அதற்குப் பிறகு அவருக்கு நிஜமான பொறுப்பு ஒன்று வேண்டும். பட்டம் கொடுத்துச் சமாதானப்படுத்தும் வேலை வேண்டாம், அவர் அதையும் பார்த்திருப்பார். சிக்கலான கேஸ்களை எப்படிக் கையாள்வது என்பது அவர் தலைக்குள் மட்டும் இருக்கிறது என்றால், புதிதாக வருபவர்களுக்கு அதைச் சொல்லித்தருவது அவர் பொறுப்பாகட்டும். அதற்கான நேரத்தை அவருடைய மற்ற வேலையிலிருந்து கழித்துக் கொடுங்கள். கழிக்காமல் கொடுத்தால் அது தண்டனை. கூடவே ஒரு எல்லையையும் சொல்லுங்கள், அதுவும் தனியாக: "எங்கிட்ட எவ்வளவு வேணாலும் எதிர்த்துப் பேசுங்க. ஆனா மீட்டிங்ல ஒரு ஜூனியர் யோசனை சொல்லும்போது 'பார்த்தாச்சு'ன்னு சொன்னீங்கன்னா அவங்க அப்புறம் பேசவே மாட்டாங்க. என்ன பார்த்தீங்கன்னு சேர்த்துச் சொல்லுங்க, எல்லாருக்கும் உபயோகமா இருக்கும்." இவ்வளவுக்குப் பிறகும் அவர் அடுத்தவர் பேச்சை மட்டம் தட்டினால், சீனியர் என்று பார்க்காமல் எழுத்தில் சொல்லி, நடவடிக்கை எடுக்க வேண்டியதுதான். ஆனால் அந்த இடத்துக்கு வருவது அபூர்வம்.

விருது வாங்கிய இருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜார்ஜ் கிரேன் போன்ற ஆய்வாளர்கள் 1970களிலிருந்து செய்த ஆய்வுகளில் தெரியவந்த விஷயம் இது: மேலாளர்கள் தங்களை அறியாமலே ஆட்களை நெருங்கிய வட்டம், வெளி வட்டம் என்று பிரித்துவிடுகிறார்கள். நல்ல வேலை, தகவல், சலுகை எல்லாம் உள்ளே இருப்பவருக்கு. வெளியே இருப்பவருக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது மட்டும். வெளியே இருப்பவர் பதிலுக்கு ஒப்பந்தத்தில் இருப்பதை மட்டும் செய்கிறார். நீங்கள் எழுதியிருக்கும் "சொன்ன வேலையைச் செய்கிறார்கள், அதோடு சரி" இதுதானா என்று பாருங்கள். அவசரம் என்றால் உங்கள் வாயில் முதலில் வரும் பெயர் யாருடையது? அடுத்த அவசரத்துக்கு வேறொருவரைக் கூப்பிடுங்கள்.

இவையெல்லாம் காது கொடுப்பது சம்பந்தப்பட்டவை. கூடவே கையில் இருப்பதைக் கொஞ்சம் கொடுக்கவும் வேண்டும், அதாவது முடிவெடுக்கும் உரிமையை. கலிபோர்னியாவின் பிரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. வேலைக்கு வராதவர்கள் 20 சதவீதத்துக்கும் மேல், தரம் படுமோசம், ஓயாத தகராறு. 1982இல் இழுத்து மூடினார்கள். 1984இல் டொயோட்டாவுடன் கூட்டாக அதே இடத்தைத் திறந்தபோது, எடுத்த ஆட்களில் பெரும்பாலானோர் பழைய ஆட்களே. கொஞ்ச காலத்திலேயே வராதவர்கள் எண்ணிக்கை இரண்டு மூன்று சதவீதத்துக்கு இறங்கியது, கார்களின் தரமும் ஏறியது. மாறியது வேலை நடக்கும் முறை. அதில் முக்கியமான ஒன்று, தலைக்கு மேலே ஓடிய ஒரு கயிறு. கோளாறு கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம், தேவைப்பட்டால் முழு உற்பத்தி வரிசையும் நிற்கும். கயிறு மட்டும் போதாது என்பதையும் கவனியுங்கள். இழுத்தவுடன் குழுத் தலைவர் ஓடி வருவார், "ஏன் நிறுத்தினாய்?" என்று கேட்க இல்லை, "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்க. வந்தவர் முதல் தடவையே எரிந்து விழுந்திருந்தால் கயிறு வெறும் அலங்காரமாகத் தொங்கியிருக்கும்.

உங்கள் பிரிவில் அந்தக் கயிறு எது? ஒருவேளை ரீபண்ட் தொகையாக இருக்கலாம், ஷிப்ட் பட்டியலை அவர்களே போட்டுக்கொள்வதாக இருக்கலாம். எதைக் கொடுத்தாலும் மூன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்: என்ன பலன் வர வேண்டும், எதைத் தாண்டக் கூடாது, என்றைக்கு உட்கார்ந்து பார்ப்போம். நடுவில் எட்டிப் பார்க்காதீர்கள். நிச்சயம் ஒரு முடிவு தப்பாகப் போகும். அன்றைக்கு எல்லோரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "சரி, எப்படி ஆச்சுன்னு பார்க்கலாம்" என்று உட்கார்ந்தால் உரிமை அவர்களிடமே இருக்கும். "இனிமே எல்லாம் எங்கிட்ட கேட்டுட்டுச் செய்ங்க" என்றால் எட்டு மாதத்துக்கு முன்னால் இருந்த இடத்துக்கே திரும்பிப் போய்விடுவீர்கள்.

கண்டிப்பாக மாறணுமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். முந்தையவர் மாதிரி ஆகிவிடக் கூடாது என்ற பயத்தில், சொல்ல வேண்டிய சிலவற்றையும் நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கிறீர்களோ? தினமும் தாமதமாக வருபவரை, அரைகுறையாக டிக்கெட் மூடுபவரைக் கண்டும் காணாமல் விட்டால், அந்தச் சுமை ஒழுங்காகச் செய்பவர் மேல்தான் விழும். நல்ல ஆட்கள் கிளம்பிப் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். வேலையின் தரத்தில் கண்டிப்பாக இருங்கள், நேரில், தனியாக, அன்றைக்கே சொல்லுங்கள். உங்களுக்கு முன் இருந்தவர் கண்டிப்பானவர் என்பதால் ஆட்கள் ஒடுங்கியிருக்க மாட்டார்கள். அவர் எப்போது, எதற்காக வெடிப்பார் என்று தெரியாததால் ஒடுங்கியிருப்பார்கள். எது சரி, எது தப்பு என்று முன்கூட்டியே தெரிந்தால் கண்டிப்பு யாரையும் பயமுறுத்தாது.

சம்பளம், வேலைச்சுமை பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, அதனால் நானே கேட்கிறேன். ரிசைன் செய்தவரின் வேலை இப்போது யார் தலையில் இருக்கிறது? 11 பேரும் பகிர்ந்துகொண்டிருந்தால், ஈடுபாடு என்ற சொல்லை அவர்களிடம் உச்சரிக்காமல் இருப்பதே நல்லது. பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1959இல் எழுதியது இன்றும் பயன்படுகிறது: சம்பளமும் வேலைச் சூழலும் சரியில்லை என்றால் மனம் வெறுக்கும், அவற்றைச் சரி செய்தால் வெறுப்பு போகும், ஆனால் அதனால் மட்டும் உற்சாகம் வந்துவிடாது. இதில் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு "சம்பளம் முக்கியமில்லை" என்று சொல்லும் நிர்வாகங்கள் உண்டு. முன்பாதியை மறக்க வேண்டாம். உங்கள் ஆட்களுக்கு வெளியே கிடைப்பதைவிடக் குறைவாகக் கிடைக்கிறது என்றால், மேலே போய் வாதாடுவதும் உங்கள் வேலைதான். கிடைக்காவிட்டாலும், கேட்டீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியட்டும்.

மேலிடத்துக்கு என்ன சொல்வது? மூன்று மாதத்தில் சர்வே மதிப்பெண்ணை ஏற்றுகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த சர்வேயில் "நல்லா போடுங்கப்பா" என்று கெஞ்ச வேண்டிவரும், அத்தோடு எல்லாம் போச்சு. கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனத்தின் கணக்குப்படி 2024இல் உலக அளவில் வேலையில் ஈடுபாட்டோடு இருப்பவர்கள் 21 சதவீதம்தான், உங்கள் பிரிவு ஏதோ விசித்திரம் இல்லை. மதிப்பெண்ணுக்குப் பதில் எண்ணிக் காட்டக்கூடிய வேறு சிலவற்றைக் கொடுங்கள்: ஊழியர்கள் எழுப்பிய பிரச்சினைகள் எத்தனை, முடித்தது எத்தனை, ரீபண்ட் எத்தனை நாளில் போகிறது, ஒரே வாடிக்கையாளர் திரும்பக் கூப்பிடுவது குறைந்திருக்கிறதா. புகார் முதலில் கூடும் என்பதையும் இப்போதே சொல்லி வையுங்கள். அப்புறம் சொன்னால் அது சாக்காகத் தெரியும்.

திங்கட்கிழமை மீட்டிங்கை ரத்து செய்ய வேண்டாம், வரிசையை மட்டும் மாற்றுங்கள். முதல் பத்து நிமிடம், போன வாரம் யார் என்ன எழுப்பினார்கள், அது இப்போது எங்கே நிற்கிறது என்பது மட்டும். சொன்னவர் பெயரைச் சொல்லலாமா என்று அவரிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். "யாராவது ஏதாவது" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். தனியாகப் பேசியபோது ஒருவர் சொன்ன விஷயத்தை எடுத்து, அவர் சம்மதத்தோடு, "இதுல ரெண்டு வழி இருக்கு, எது நடைமுறைக்குச் சரியா வரும்?" என்று கேட்டால் பேச்சு தானாக வரும். சில வாரம் போனதும் மீட்டிங்கை நடத்துவதையே முறை போட்டு அவர்களிடம் விடலாம்.

காலியான இடத்துக்கு ஆள் எடுக்கப்போகிறீர்கள் அல்லவா? எப்படிப்பட்டவர் வேண்டும் என்று முதலில் டீமிடம் கேளுங்கள். கடைசிச் சுற்றுக்கு வரும் இரண்டு மூன்று பேருடன் டீமிலிருந்து இருவர் உட்கார்ந்து பேசட்டும், அதில் ஒருவர் அந்த சீனியர். முடிவு உங்களுடையதாக இருக்கலாம், ஆனால் அவர்கள் வேண்டாம் என்று காரணத்தோடு சொன்ன ஆளை எடுக்காதீர்கள். போனவரிடமும் ஓரிரு மாதம் கழித்து, புது வேலையில் அவர் நிலைத்த பிறகு, ஒருமுறை போன் செய்து பேசுங்கள். நோட்டீஸ் காலத்தில் சொல்லாததை அப்போது சொல்வார்.